கூலன்ட்டும் களிம்பும்: பால்மப் பாடத்தில் ஒரு கேள்வி

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘நம்மைச் சுற்றியுள்ள பொருட்கள்’ பாடத்தில் பால்மம் வருகிறது. ஒன்றோடொன்று கலவாத இரண்டு திரவங்களில் ஒன்று சிறுசிறு துளிகளாக மற்றொன்றில் பரவியிருந்தால் அது பால்மம். எண்ணெய் நீரில் பரவினால் ஒரு வகை, நீர் எண்ணெயில் பரவினால் இன்னொரு வகை. எடுத்துக்காட்டு பால், வெண்ணெய், முகப்பூச்சு. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். பல வகுப்புகளில் இந்தப் பகுதி ஒரு பாடவேளையில் பாதிக்குள் முடிந்துவிடும். எனக்கு நான்கு பாடவேளை ஆகிறது. அந்த நான்கு பாடவேளையில் என்ன நடக்கிறது என்பதையும், அதற்காக நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எங்கள் பள்ளி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் தயாரிப்பு தொடங்கியது; 2010க்குப் பிறகு ஒரகடம் பக்கம் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என ஒவ்வொரு ஆலையாக வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறைகளும் நிறைய வந்தன. முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பங்களின் பிள்ளைகளும், வடமாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ‘உங்கள் வீட்டில் பால்மத்துக்கு எடுத்துக்காட்டு சொல்லுங்கள்’ என்று கேட்டால் பால், மோர் என்ற பதில்கள் வந்து முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: “மிஸ், கூலன்ட்!”

சரியான பதில்தான். லேத், சி.என்.சி. மிஷின்களில் இரும்பைக் கடையும்போது சூடு தணியவும் வழுக்கவும் மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும் வெள்ளைத் தண்ணீர் அது. செறிவான எண்ணெய் நூற்றில் ஐந்து பங்கு அளவில் தண்ணீரில் கலக்கப்படுகிறது. கலந்தவுடன் பால்போல் வெளுக்கிறது. பாடநூல் சொல்லும் ‘நீரில் எண்ணெய்’ வகைப் பால்மத்துக்கு இதைவிட அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது. அப்பாவின் சட்டையிலிருந்து தினமும் அந்த வாசம் வருகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், கூலன்ட்டும் பால்மம். அப்பா கைக்குப் போடுற க்ரீமும் பால்மம்னு சொல்றீங்க. அப்போ ஒன்னு கையப் புண்ணாக்குது, இன்னொன்னு எப்படி ஆத்தும்?”

அவளுடைய அப்பாவின் விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, உரிந்து, சில நாட்களில் நீர் கசியுமாம். இரவுப் பணி முடிந்து வந்து சாப்பிடும்போது சாம்பார் பட்டாலே எரியும் என்றாள். இந்தக் கேள்விக்கு ‘இரண்டும் வேறு வேறு வேதிப்பொருள்’ என்று பதில் சொல்லி உட்காரவைக்கலாம். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்தினால், உலகின் பல ஆய்வகங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை நாம் ஒன்பதாம் வகுப்பிலேயே மூடிவிடுகிறோம்.

சோப்பு செய்யும் இரண்டு வேலைகள்

எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் துளிகள் உண்டாகும். சில நிமிடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெய் மேலே வந்துவிடும். துளிகள் சிறிதாகச் சிறிதாக எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் பரப்பு கூடுகிறது. அந்தப் பரப்புக்கு ஆற்றல் செலவாகிறது. இயற்கை அந்தச் செலவைக் குறைக்கப் பார்க்கிறது, அதனால் துளிகள் இணைந்து பெரிதாகின்றன. எண்ணெயும் நீரும் சந்திக்கும் இந்த எல்லையை இக்கட்டுரையில் இடைப்பரப்பு என்று சொல்கிறேன்.

துளிகள் இணையாமல் தடுக்க ஒரு காவலாள் வேண்டும். அதுதான் பால்மமாக்கி. பத்தாம் வகுப்பில் சோப்பு மூலக்கூறுக்கு நீர் விரும்பும் தலையும் நீர் வெறுக்கும் வாலும் உண்டு என்று படிக்கிறார்கள். தலை நீரிலும் வால் எண்ணெயிலும் இருக்க அது இடைப்பரப்பில் வந்து நிற்கிறது, பரப்பு இழுவிசை குறைகிறது, துளி பிழைக்கிறது. கூலன்ட்டில் இருப்பதும், பெரும்பாலான களிம்புகளில் இருப்பதும் இப்படிப்பட்ட சோப்பு வகை மூலக்கூறுகளே.

இப்போது தோலுக்கு வருவோம். நம் தோலின் மேலோடு வெறும் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடுதல். இறந்த தட்டையான செல்கள் செங்கல் போல அடுக்கப்பட்டு, இடையில் கொழுப்பு காரைபோலப் பூசப்பட்ட சுவர் அது. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதும், உள்ளிருக்கும் ஈரம் போகாமல் காப்பதும் அந்தச் சுவர்தான். சோப்பு மூலக்கூறுக்குக் கொழுப்பைக் கண்டால் போதும். களிம்பிலுள்ள எண்ணெய்த் துளி எது, தோலிலுள்ள காரை எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. துளியைக் காக்கும் அதே மூலக்கூறு சுவரின் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிறது. புரதத்தையும் சீண்டுகிறது.

மருந்திலேயே இது நடந்திருக்கிறது. வறண்ட தோலுக்கும் கரப்பானுக்கும் பிரிட்டனில் பல ஆண்டுகள் எழுதிக்கொடுக்கப்பட்ட ஒரு சாதாரண நீர்க் களிம்பு உண்டு. அதில் சோடியம் லாரைல் சல்பேட் சுமார் 1 சதவீதம் இருக்கும். நம் ஷாம்புகளிலும் பற்பசைகளிலும் இருப்பதே அது. பாத் பல்கலைக்கழகத்தில் மாண்டா சாங், ரிச்சர்ட் கை ஆகிய இருவரும் ஆரோக்கியமான தோலில் நான்கு வாரம் இதைத் தடவிப் பார்த்து, மேலோட்டின் தடிமன் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2010இல் வெளியிட்டார்கள். 2013இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இது எரிச்சல் தரலாம் என்று எச்சரித்தது. வறட்சியைப் போக்கத் தடவிய களிம்பே சுவரை மெலியச் செய்தது.

ஆக, மாணவியின் கேள்விக்குள் சரியான முடிச்சு இருந்தது. இரண்டிலும் காவலாள் ஒரே இனம். கூலன்ட் கையைக் கெடுப்பதற்கு இது மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோலின் அமிலத்தன்மை சுமார் 5. கூலன்ட் காரத்தன்மை உடையது, 9 அளவில் இருக்கும். கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் நச்சுகள் உண்டு. கடையும் உலோகத்திலிருந்து நிக்கல், கோபால்ட், குரோமியம் சிறிதளவு கரைகிறது. நுண்ணிய இரும்புத் துகள் கீறுகிறது. கை எட்டு மணி நேரம் ஈரத்தில் ஊறுகிறது. எல்லாம் சேர்ந்துதான் அந்த விரல் இடுக்கு. ஆனால் களிம்பு பக்கத்தில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: சோப்பே இல்லாமல் பால்மம் செய்ய முடியாதா?

காவலுக்குத் துகள்

முடியும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். 1903இல் வால்டர் ராம்ஸ்டன், திண்மத் துகள்கள் திரவங்களின் பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு குமிழிகளையும் துளிகளையும் நிலைக்கச் செய்வதை எழுதினார். 1907இல் ஸ்பென்சர் பிக்கரிங் இதை விரிவாக ஆராய்ந்தார். அவர் பணியாற்றிய இடத்தைக் கேட்டால் பிள்ளைகளுக்கு வியப்பு வரும்: அது இங்கிலாந்தின் வோபர்னில் இருந்த ஒரு சோதனைப் பழத்தோட்டம். மரங்களுக்குப் பூச்சி மருந்தாகத் தெளிக்க மண்ணெண்ணெய் வகை எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வேண்டியிருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேரும்போது உண்டாகும் நுண்ணிய வீழ்படிவு, சோப்பில்லாமலே எண்ணெய்த் துளிகளைக் காப்பதைக் கண்டார். பிக்கரிங் தன் கட்டுரையில் ராம்ஸ்டனைக் குறிப்பிட்டிருந்தும், பெயர் என்னவோ பிக்கரிங் பால்மம் என்றே நிலைத்துவிட்டது. அறிவியலிலும் முந்தியவருக்கே பந்தி என்று சொல்ல முடியாது.

துகள் எப்படிக் காவல் காக்கும்? இதற்கு நம்மூரிலேயே ஒரு காட்சி இருக்கிறது. கோடை மழையின் முதல் துளிகள் புழுதியில் விழும்போது கவனித்திருப்பீர்கள். துளி உடனே உறிஞ்சப்படாமல், மேலெல்லாம் புழுதி பூசிக்கொண்டு ஒரு சிறு உருண்டையாக ஓடும். புழுதித் துகள்கள் நீரின் பரப்பில் ஒட்டி ஒரு சட்டை போட்டுவிடுகின்றன. அங்கே நீருக்கும் காற்றுக்கும் நடுவே நடப்பது, பிக்கரிங் பால்மத்தில் நீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே நடக்கிறது.

எல்லாத் துகளும் இதற்கு ஆகாது. சர்க்கரைத் தூள் நீரில் கரைந்துவிடும். மெழுகுத் தூள் எண்ணெய்க்குள் போய்விடும். நீரிலும் முழுதாக நனையாமல் எண்ணெயிலும் முழுதாக நனையாமல் இரண்டுக்கும் நடுவே நிற்கும் துகள்தான் வேண்டும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் சேர்கோணம் இதைத்தான் அளக்கிறது. சேப்பங்கிழங்கு இலையில் நீர்த்துளி முத்தாக நிற்கிறது. சேர்கோணம் மிக அதிகம். சுத்தமான கண்ணாடியில் துளி படர்ந்துவிடுகிறது. சேர்கோணம் மிகக் குறைவு. துகளின் சேர்கோணம் 90 டிகிரிக்கு அருகில் இருந்தால் அது இடைப்பரப்பில் சரிபாதி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்காரும். 90க்குச் சற்றுக் குறைவாக, அதாவது நீரைக் கொஞ்சம் கூடுதலாக விரும்பினால், ‘நீரில் எண்ணெய்’ பால்மம் உண்டாகும். 90க்குச் சற்று மேலே போனால் ‘எண்ணெயில் நீர்’.

மேல்நிலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு நல்ல கணக்கு கிடைக்கிறது. கோள வடிவத் துகள் ஒன்றை இடைப்பரப்பிலிருந்து பிடுங்கி எடுக்கத் தேவையான ஆற்றலை இப்படிப் பெறலாம்: பை, ஆரத்தின் வர்க்கம், இடைப்பரப்பின் இழுவிசை மூன்றையும் பெருக்கி, அதை (1 – கொசைன் சேர்கோணம்) என்பதன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். ஆரம் 10 நானோமீட்டர், இழுவிசை மீட்டருக்கு 0.05 நியூட்டன், சேர்கோணம் 90 டிகிரி என்று வைப்போம். கொசைன் 90 சுழியம் என்பதால் கடைசிப் பகுதி 1. விடை சுமார் 1.57 × 10⁻¹⁷ ஜூல். கேட்கவே அற்பமாக இருக்கிறது. அதை அறை வெப்பநிலையில் ஒரு துகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் வெப்ப ஆற்றலோடு ஒப்பிட வேண்டும். பிரௌனியன் இயக்கத்துக்குக் காரணமான அந்த ஆற்றல் சுமார் 4.1 × 10⁻²¹ ஜூல். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 3,800 மடங்கு. அதாவது, துகள் ஒருமுறை ஒட்டினால் தானாக விலகுவது நடக்காத காரியம்.

இப்போது ஆரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 100 நானோமீட்டர் என்றால் 3,80,000 மடங்கு. ஒரு மூலக்கூறின் அளவான 0.5 நானோமீட்டர் என்றால் பத்து மடங்குகூட வராது. சோப்பு மூலக்கூறு ஏன் இடைப்பரப்புக்கு வருவதும் போவதுமாக இருக்கிறது, துகள் ஏன் நகராமல் நிற்கிறது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும். சேர்கோணத்தை 30 டிகிரி ஆக்கினால் 10 நானோமீட்டர் துகளுக்கும் அந்த 3,800 வெறும் எழுபதுக்குள் சுருங்கிவிடும். ‘வர்க்கம் போட்டால் என்ன வந்துவிடும்’ என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இயற்கையும் இந்த வழியை அறியும். பாக்கெட் பாலை ஒருபடித்தாக்கும்போது கொழுப்பு உருண்டைகள் நொறுங்குகின்றன. புதிதாக உண்டான பரப்பைப் பாலிலுள்ள கேசின் என்ற புரதத் துகள்கள் போய்ப் போர்த்திக்கொள்கின்றன. பால் கெடாமல் இருக்கும்வரை ஏடு தனியே பிரியாமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆய்வு மாணவர் என்ன செய்கிறார்

‘முனைவர் பட்ட ஆய்வு’ என்றால் தடித்த புத்தகம் எழுதுவது என்றுதான் எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தோல் நோய்க்கான பிக்கரிங் பால்மத்தில் ஒருவர் நான்கைந்து ஆண்டு என்ன செய்வார் என்று நான் படிப்படியாகச் சொல்வதுண்டு.

முதலில் துகளைத் தேர்வு செய்ய வேண்டும். சிலிக்கா, களிமண், ஸ்டார்ச், செல்லுலோஸ், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், துத்தநாக ஆக்சைடு என்று பட்டியல் நீளும். தோலுக்கு என்பதால் தீங்கற்றது வேண்டும். ஸ்டார்ச் இயல்பில் நீரை மிகவும் விரும்பும். அதன் பரப்பைக் கொஞ்சம் மாற்றிச் சேர்கோணத்தை 90 பக்கம் நகர்த்த வேண்டும். இந்த ஒரு வேலைக்கே ஓராண்டு போகலாம். பிறகு பால்மம் செய்து, நுண்ணோக்கியில் துளியளவு பார்த்து, வெயிலிலும் குளிரிலும் மாதக்கணக்கில் வைத்துப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து மருந்தைச் சேர்க்க வேண்டும். மருந்து சேர்ந்தவுடன் அதுவரை நிலையாக இருந்த பால்மம் உடைவதும் உண்டு.

அதன் பிறகு தோல் வழியாக மருந்து போகிறதா என்ற சோதனை. இதற்கு ஃபிரான்ஸ் கலம் என்ற கண்ணாடிக் கருவி இருக்கிறது. மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு அறை, நடுவில் ஒரு துண்டுத் தோல். மனிதத் தோலோடு நன்கு ஒத்துப்போவதால் பெரும்பாலும் பன்றியின் தோலை வைக்கிறார்கள். மேலே களிம்பைத் தடவி, கீழே உள்ள திரவத்தில் மணிக்கு மணி எவ்வளவு மருந்து வந்து சேர்ந்தது என்று அளக்கிறார்கள்.

பிரான்சின் லியோன் பல்கலைக்கழகக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வை நான் வகுப்பில் சொல்வேன், ஏனென்றால் அதில் ‘நியாயமான சோதனை’ எப்படி அமைப்பது என்ற பாடம் இருக்கிறது. அவர்கள் இரண்டு ‘எண்ணெயில் நீர்’ பால்மங்கள் செய்தார்கள். எண்ணெய் ஒன்றே, உள்ளிருக்கும் மருந்து ஒன்றே (மாதிரிக்காகக் காப்பியிலுள்ள கஃபீனை வைத்தார்கள்), துளியளவையும் ஒத்துப்போகச் செய்தார்கள். காவலாள் மட்டும் வேறு: ஒன்றில் சிலிக்காத் துகள், மற்றொன்றில் வழக்கமான பால்மமாக்கி. துகள் உள்ளதிலிருந்து கஃபீன் பன்றித் தோல் வழியாக ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகப் போனது. அதே குழு ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வடிவத்தை ‘நீரில் எண்ணெய்’ வகையில் வைத்துப் பார்த்தபோது, துகள் உள்ள பால்மம் அதைத் தோலின் மேலோட்டிலேயே அதிகமாகச் சேமித்தது. ஓரிடத்தில் ஊடுருவல் கூடியது, மற்றோரிடத்தில் மேலேயே தங்கியது. தோல் மருத்துவத்துக்கு இரண்டும் தேவை. மேலோட்டில் வாழும் பூஞ்சைக்கு மருந்து அங்கேயே நிற்க வேண்டும். அடியில் உள்ள அழற்சிக்குக் கீழே போக வேண்டும்.

போர்ச்சுகலின் லிஸ்பனில் ஸ்டார்ச் துகள்களைக் கொண்டு, மினோசைக்ளின் என்ற கிருமிக்கொல்லியைத் தோல் தொற்றுக்குத் தரும் பால்மங்களைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அரிசியிலும் மரவள்ளியிலும் இருக்கும் அதே ஸ்டார்ச் என்றதும் வகுப்பில் முகங்கள் மாறும். நம் பக்கத்திலும் இத்துறை இருக்கிறது: ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் வேதிப்பொறியியல் துறையில் பேராசிரியர் மடிவாள பசவராஜ் அவர்களின் குழு, துகள்கள் இடைப்பரப்பில் எப்படி அடுக்கிக்கொள்கின்றன, பால்மத்தை எப்படி நிலைக்கச் செய்கின்றன என்ற அடிப்படைகளில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்கிறது. பி.எஸ்சி. வேதியியல், பி.பார்ம்., வேதிப்பொறியியல் என எந்த வாசல் வழியாகவும் இந்த ஆய்வுக்குள் நுழையலாம் என்று பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் நான் குறிப்பாகச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி பஸ் வாசலுக்கே வந்துவிடும் ஊர் இது. வேறு வாசல்களும் உண்டு என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, தீராத சிக்கல்கள்தான். துகள் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்வது அலமாரியில் இருக்கும்வரை நல்லது. தோலில் தேய்த்ததும் துளி உடைந்து மருந்தை விட வேண்டுமே! அலமாரியில் கெட்டியாகவும் விரலுக்கடியில் இளகியும் இருப்பது எளிதல்ல. துகள் பெரிதானால் களிம்பு நறநறக்கும். நானோ துகள்கள் முழுமையான தோலைத் தாண்டி உள்ளே போவது அரிது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நோயாளியின் தோல் வெடித்த தோல், அங்கே என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். உலர்ந்த நுண்துகளை ஆய்வகத்தில் மூச்சில் இழுப்பதும் ஆபத்து. அதனால் ‘சோப்பில்லாத களிம்பு வந்துவிட்டது, இனி எல்லாம் சரி’ என்று வகுப்பில் சொல்லக் கூடாது. மருந்துக்கடையில் போய்க் கேட்டு வாங்கும் நிலைக்கு இது இன்னும் வரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேரும் செய்தி

இந்தப் பாடத்தை எடுக்கும்போது பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தோல் நோய்களைச் சொல்லத் தொடங்குவார்கள். அதற்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். நான் வைத்தியம் சொல்வதில்லை. மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

வேலையில் படும் வேதிப்பொருளால் வரும் தோல் அழற்சி, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இடம்பெற்றது. ‘அலர்ஜி உடம்பு’ என்று தொழிலாளி தன் உடம்பைக் குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டும்போது என்ன வேலை, கையில் என்ன படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு’ என்று கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த களிம்பு. அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளாகப் படர்தாமரை எளிதில் ஆறாத நோயாக மாறியிருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை வகைக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டை நினைவூட்டும் பெயரே வைத்துவிட்டார்கள். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. சீட்டில்லாமல் கேட்காதீர்கள் என்று பிள்ளைகள் வீட்டில் சொல்ல முடியும், சொல்கிறார்கள்.

மூன்றாவது சின்ன விஷயம். கையில் படிந்த எண்ணெயைப் போக்கத் துணி சோப்பையோ பாத்திரம் விளக்கும் திரவத்தையோ போட்டுத் தேய்ப்பது, மண்ணெண்ணெயில் துடைப்பது, இரும்புத் தூள் ஒட்டிய பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் துடைப்பது ஆகியவை ஏற்கெனவே மெலிந்த சுவரை இன்னும் இடிக்கும் வேலைகள். செங்கல், காரை படத்தைக் கரும்பலகையில் போட்டபின் இதை விளக்கவே வேண்டியதில்லை, பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். கேள்வி கேட்ட மாணவி அந்தப் படத்தை நோட்டில் வரைந்து அப்பாவுக்குக் காட்டினாளாம். அவர் அடுத்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போய்வந்தார். இப்போதும் அதே மிஷினில்தான் வேலை. கையுறை மாறியிருக்கிறது, களிம்பு மாறியிருக்கிறது. கை முழுதாக ஆறவில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: ஒரே அளவிலான மூடியுள்ள மூன்று தெளிவான பாட்டில்கள், கடலெண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் (தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துவிடும்), பாத்திரம் விளக்கும் திரவம், நன்றாக அரைத்துச் சலித்த கடுகுப் பொடி, கொஞ்சம் முல்தானி மெட்டி.

ஒவ்வொரு பாட்டிலிலும் 100 மில்லி தண்ணீரும் 25 மில்லி எண்ணெயும் ஊற்றுங்கள். முதல் பாட்டிலில் வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதில் ஐந்து சொட்டுப் பாத்திரத் திரவம். மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி கடுகுப் பொடி. மூவரை அழைத்து ஒரே நேரத்தில் இரண்டு நிமிடம் குலுக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் நிமிடம், பாடவேளை முடிவு, மறுநாள் காலை என மூன்று முறை பார்த்து அட்டவணை எழுதட்டும். முதல் பாட்டில் சீக்கிரம் பிரியும். இரண்டாவது பால்போல் வெளுத்து, மெல்ல மேலே ஏடு கட்டும். மூன்றாவதில் கண்ணுக்கே தெரியும் உருண்டைகள் பொடியைப் போர்த்திக்கொண்டு தனித்தனியாக நிற்பதைக் கைவிளக்கு அடித்துப் பார்க்கலாம். கடுகில் வழவழப்பான பசைப்பொருளும் இருப்பதால் முழுப் பெருமையும் துகளுக்கே இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். நான்காவது பாட்டில் கிடைத்தால் கடுகுக்குப் பதில் முல்தானி மெட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பார்க்கலாம். உப்பு போட்டதற்கும் போடாததற்கும் வேறுபாடு இருக்கிறதா என்பதை ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்கள்கூடத் தாங்களாகவே சோதிப்பார்கள்.

முதல் மழைத்துளியை வகுப்புக்குள் கொண்டுவர, டால்க் அடங்கிய முகப்பவுடரை ஒரு தட்டில் மெல்லப் பரப்பி, சொட்டு மருந்துக் குழாயால் ஒரு துளி நீர் விட்டுத் தட்டைச் சாய்த்து உருட்டினால் போதும். துளி பவுடர்ச் சட்டை போட்டுக்கொண்டு உருளும். பவுடரை ஊதவோ தட்டிப் பறக்கவிடவோ வேண்டாம், மூச்சுக்கு ஆகாது.

கூலன்ட்டை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஒரு மாணவன் ஆர்வத்தில் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தான். மூடியைத் திறக்காமல், வெயிலில் தூக்கிப் பிடித்து நிறத்தை மட்டும் காட்டிவிட்டு, மாலையில் அவன் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதே தவறு என்பதும் அன்றைய பாடத்தில் சேர்ந்தது.

செயல்பாடு முடிந்தபின் பாட்டில்களில் உள்ள எண்ணெயைக் கழிவுநீர்த் தொட்டியில் கொட்டவேண்டாம். ஒரு வாரம் அசையாமல் வைத்து, மேலே ஒதுங்கிய எண்ணெயைப் பழைய துணியில் ஊறவைத்து எடுத்துவிடலாம். கடுகுப் பாட்டிலில் அந்த ஒரு வாரம் கழிந்தும் ஒதுங்காத உருண்டைகள் இருந்தால், அவை எத்தனை நாள் தாங்குகின்றன என்று குறித்துவைக்க ஒரு மாணவரை நியமியுங்கள்.